கூண்டுக்குள் கறுக்கும் பச்சோந்தி

பிரிட்டனில் ஊர்வன வளர்ப்பவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2015இல் ‘பிளாஸ் ஒன்’ என்ற அறிவியல் இதழில் அதன் முடிவுகள் வந்தன. வாங்கி வந்த பிராணி ஒரு வருடத்துக்குள் செத்ததா, இல்லையா என்பதுதான் கேள்வி. நேராகக் கேட்டால் மறைப்பார்கள் என்ற சந்தேகத்தில், பதில் சொல்பவர் யாரென்று தெரியாமல் உண்மையை வாங்கும் புள்ளியியல் முறை ஒன்றையும் சேர்த்தே கையாண்டார்கள். இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைத்தது. யாரும் பெரிதாக எதையும் மறைக்கவில்லை. பாம்பு, ஆமை, பல்லியினம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் வருடத்தில் செத்தவை 3.6 சதவீதம். மலைப்பாம்பு வகைகளில் 1.9 சதவீதம். பச்சோந்தியில் மட்டும் 28.2 சதவீதம்.

புற ஊதா விளக்கு, ஈரப்பத மானி, ஊர்வன பார்க்கும் மருத்துவர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற நாட்டின் கணக்கு இது. வளர்த்தவர்களில் பெரும்பாலோர் வாங்கியவை பண்ணையில் பிறந்தவை. காட்டிலிருந்து பிடித்து வந்தவை அல்ல. அப்படியிருந்தும் நான்கில் ஒன்றுக்கு மேல் வருடம் தாண்டவில்லை. மதுரையில் பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிற எவரும் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். விலையை அப்புறம் பார்க்கலாம்.

இங்கே ஆசை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று பழைய வழி. கண்மாய்க்கரை வேலமரத்திலோ தோட்டத்து வேலியிலோ கண்ணில் பட்டதைப் பையன்கள் குச்சியால் இறக்கி, அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது. இன்னொன்று கைப்பேசி வழி. மடகாஸ்கர் பச்சோந்தி நீலமும் சிவப்புமாக மின்னும் காணொளியைப் பார்த்துவிட்டு, ‘எங்கே கிடைக்கும்’ என்று விசாரிப்பது. இரண்டிலும் ஆசைக்கு ஒரே காரணம் நிறம். அந்த நிறம் எதற்காக மாறுகிறது என்று தெரியாமல் வளர்ப்பதால்தான் அது சாகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மதுரைப் பக்கம் சுவரிலும் வேலியிலும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவந்துவிடும். அதைப் பார்த்துப் பச்சோந்தி என்பவர்கள் நிறையப் பேர். பச்சோந்தி வேறு. உலகில் 200க்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு அருகில் மடகாஸ்கர் தீவில். இந்தியாவில் இருப்பது ஒரே ஓர் இனம்தான். தென்னிந்தியாவின் வறண்ட காடுகள், புதர்கள், தோப்புகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்வது அதுவே.

அருகில் நின்று பார்த்தால் ஓணானோடு குழப்பவே முடியாது. உடல் பக்கவாட்டில் தட்டையாக அழுந்தியிருக்கும். விரல்கள் தனித்தனியாக இல்லாமல், ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் மூன்றுமாக ஒட்டி, கிளையைக் குறடு போலப் பிடிக்கும். வால் நுனி சுருண்டு இன்னொரு குச்சியைப் பற்றியிருக்கும். கண் ஒரு கூம்பு. முழுக்கத் தோல் மூடி, நடுவில் சிறு துளை மட்டும் திறந்திருக்கும். ஒரு கண் முன்னே வண்டைத் தேட, மறு கண் பின்னால் நிற்கிற நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரை கிடைத்த பிறகுதான் இரண்டு கண்ணும் ஒரே திசைக்குத் திரும்பும். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் உடலை ஆட்டி, காற்றில் அசைகிற இலையோடு இலையாகப் போகும். ஓடித் தப்பிக்கிற பிராணி அல்ல இது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. ஆகவே யாராவது அதைப் பார்த்துவிட்டார்கள் என்பதே அதற்கு ஆபத்துச் செய்தி. கூண்டில் வைப்பது என்றால் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

இனி நிறம். சிவப்புத் துணியில் வைத்தால் சிவக்கும், நீலத் துணியில் வைத்தால் நீலமாகும் என்பது பொய். கண்ணாடியையோ பேனாவையோ தொட்டவுடன் அதே நிறத்துக்கு மாறுவதாகச் சுற்றும் காணொளிகள் கணினியில் செய்தவை. நம்மூர்ப் பச்சோந்தியிடம் இருப்பது பச்சை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு, இவற்றின் கலவைகள். இலைக்கு நடுவே வாழ்வதால் அந்த நிறங்களே அதை மறைத்துவிடும். அதற்காகத் துணியைப் பார்த்து நிறம் மாற்ற வேண்டிய தேவை அதற்கு இல்லை.

நிறம் எப்படி மாறுகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விளக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தது மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி. தோலின் மேலடுக்கில் மஞ்சள் நிறமி உள்ள செல்கள். அதன் கீழே குவானைன் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கிய செல்கள். அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அது மஞ்சள் அடுக்கு வழியாக வரும்போது நம் கண்ணுக்குப் பச்சை. எதிரே இன்னொரு ஆண் வந்துவிட்டால் படிகங்களின் இடைவெளி விரிகிறது. திருப்பி அனுப்பும் ஒளி மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நகர்கிறது. பச்சை உடல் மஞ்சளாகிறது, சிவப்பு இன்னும் பளிச்சிடுகிறது. கறுப்பு வருவது வேறு வழியில். அடியில் உள்ள செல்களின் கருநிறமி மேல்நோக்கிப் பரவும்போது தோல் இருள்கிறது. படிகம், நிறமி இரண்டையும் நடத்துவது உடலின் உள்நிலை. அடியில் விரித்த துணிக்கு அதில் வேலை இல்லை.

காணொளியில் நாம் வியக்கும் அந்த மின்னல் நிறம் பெரும்பாலும் சண்டை நிறம் அல்லது துணை தேடும் நிறம். படம் எடுப்பவர் எதிரே இன்னொரு ஆணையோ கண்ணாடியையோ காட்டியிருப்பார். பிராணி பதற்றத்தின் உச்சியில் இருக்கும். பார்க்கிறவர் அதை அழகு என்று பகிர்வார்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரசல் லிகன், கெவின் மெக்ரா இருவரும் ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்திகளை ஒன்றுக்கொன்று எதிரே விட்டுப் படம் பிடித்தார்கள். 2013இல் வந்த அந்த ஆய்வின்படி, உடல் பட்டைகள் எவ்வளவு பிரகாசமாகின்றனவோ அவ்வளவு அந்த ஆண் எதிரியை நெருங்கும். தலை எவ்வளவு வேகமாக, எவ்வளவு பளிச்சென்று மாறுகிறதோ அவ்வளவு வெல்லும் வாய்ப்பு. அடுத்த வருடம் லிகன் தோற்றவற்றைக் கவனித்தார். தோற்கிற பச்சோந்தி கறுக்கிறது. ‘விட்டுவிடு, நான் ஒதுங்கிக்கொள்கிறேன்’ என்பதற்கு அது அடையாளம். வென்றது அதைப் பார்த்துத் தாக்குதலைக் குறைக்கிறது. காட்டில் கறுத்த பிறகு அது இறங்கி வேறு மரத்துக்குப் போய்விடும். கறுப்பும் ஒதுங்கலும் சேர்ந்தே நடக்க வேண்டியவை.

கூண்டில் ஒதுங்க இடம் இல்லை. கறுத்துக்கொண்டே இருக்கும், பார்க்கிறவர் ‘இன்றைக்கு இந்த நிறம்’ என்பார்.

ஆனால் கறுப்பெல்லாம் பயம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் உடல் குளிர்ந்திருக்கும்போது வெயிலை உறிஞ்சுவதற்காகவும் பச்சோந்தி கறுக்கும். பக்கவாட்டைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, உடலை மேலும் தட்டையாக்கிக் காயும். சூடேறியதும் வெளிறும். இரவில் தூங்கும்போது இன்னும் வெளிறியிருக்கும். ஆகவே நேரம், வெப்பம், அது நிற்கும் விதம், கண் நான்கையும் சேர்த்துப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உச்சிப் பொழுதில், இதமான வெப்பத்தில், கறுத்த உடலோடு அசையாமல் நின்றால் அது தொல்லை. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நோய். ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் கண் மூடாது. மூடியிருப்பதைத் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடும் வீடுகளில் அடுத்த சில நாட்களில் அது செத்துவிடும். வாயைத் திறந்து வெளிறி நின்றால் உடல் தாங்க முடியாத சூட்டில் இருக்கிறது.

இதிலேயே மிகவும் ஏமாற்றும் நிறம் ஒன்று உண்டு. முட்டை வைத்திருக்கும் முக்காட்டுப் பச்சோந்திப் பெண், ஆண் அருகில் வந்தால் அடர்பச்சையும் கறுப்புமாகி, அதன் மேல் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி தெறிக்கும். வீட்டில் யாருக்கும் அதைவிட அழகாகத் தெரியாது. ‘கிட்டே வராதே’ என்பதற்கான நிறம் அது. இந்த இனத்தில் ஆணே இல்லாமல் தனியாக வைத்தாலும் பெண் முட்டை உண்டாக்கிக்கொள்ளும். அப்போது அதற்கு உடல் முழுக்க மறையும் ஆழத்துக்கு ஈர மண் வேண்டும். தோண்ட மண் இல்லாத கூண்டில் முட்டையை வெளியே விடாமல் வைத்துக்கொண்டே இருக்கும், அப்படியே செத்துப்போகும். நிறத்தைப் பார்த்துக் கொண்டாடிய வாரத்திலேயே இது நடக்கும். நம்மூர்ப் பச்சோந்தியும் மரத்தை விட்டு இறங்கி மண்ணில் குழி தோண்டித்தான் முட்டையிடும். அந்தச் சமயத்தில் தரையில் மெதுவாக நடந்துபோகும் பெண்தான் எளிதாகக் கையில் சிக்குவது. பிடித்தவருக்குத் தெரியாமல் ஒரு முட்டைக்கூட்டமும் சேர்ந்தே போகிறது.

அடுத்தது தண்ணீர். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பச்சோந்தி தண்ணீராகவே பார்க்காது. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான் நக்கிக் குடிக்கும். தினமும் பல தடவை இலை மேல் நுண்ணிய தூறலாகத் தெளிக்க வேண்டும், அல்லது சொட்டுச் சொட்டாக விழும்படி வைக்க வேண்டும். அது தயங்கித் தயங்கித்தான் குடிக்கத் தொடங்கும். அவசரமாக இரண்டு முறை தெளித்துவிட்டு ஆபீஸ் போனால் குடித்திருக்காது. கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்க, அதன் பக்கத்திலேயே தாகத்தில் வற்றிச் சாகிற பிராணி இது. கண் கூம்பு உள்ளே குழிவது முதல் அடையாளம். எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறுவது இன்னொன்று. இரண்டும் தெரிவதற்குள் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கலாம்.

இங்கே மதுரையின் வெயில் குறுக்கே வருகிறது. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. காட்டுப் பச்சோந்தி அந்தச் சூட்டில் மரத்தின் அடர்ந்த பகுதிக்குள் இறங்கி நிழலில் நிற்கும், காற்று அடிக்கும், மாலையில் வேறு கிளைக்குப் போகும். கான்கிரீட் மாடி வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் இந்தத் தேர்வு எதுவும் அதற்கு இல்லை. மீன் வளர்த்த பழைய தொட்டியைக் காலி செய்து அதில் போடுவது நம்மிடம் சர்வ சாதாரணம். அதற்குள் காற்று தேங்கும். தெளித்த ஈரம் அப்படியே நின்று நுரையீரல் தொற்று வரும். போதாததற்குக் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியாகப் பார்த்து நாள் முழுக்கக் கறுத்து நிற்கும். கென்ய மலைகளின் மூன்று கொம்புப் பச்சோந்திக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். மதுரையின் வைகாசி இரவு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைத்துவிட்டால்? சாதாரண ஜன்னல் கண்ணாடி சூட்டை உள்ளே விடும்; புற ஊதாக் கதிரில் பச்சோந்திக்குத் தேவையான பகுதியை மட்டும் நிறுத்திவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இல்லாமல் சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. அதோடு, கடையில் விற்கும் சிள்வண்டு, மீல்வார்ம் புழு எல்லாவற்றிலும் சுண்ணாம்பு குறைவு, பாஸ்பரஸ் அதிகம். சேர்ந்த பலன் எலும்பு நோய். வளர்ப்புப் பச்சோந்திகளில் அடிக்கடி காண்பது இதுதான். தாடை ரப்பராக வளையும், முன்னங்கால் வில்லாக வளையும், கிளையில் நிற்க முடியாமல் கீழே விழும். நாக்கும் சரியாக நீளாது.

அந்த நாக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. உடலைவிட நீளமாகப் பாயும் நாக்கு அது. தசையின் பலத்தால் மட்டும் பாய்வதில்லை. உள்ளே சுருட்டிச் சேர்த்து வைத்த விசையை ஒரே நொடியின் சிறு பகுதியில் விடுகிறது. சிறிய இனம் ஒன்றில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 264 மடங்கு என்று 2016இல் அளந்திருக்கிறார்கள். நுனியில் ஊறும் திரவம் மனித உமிழ்நீரைவிடச் சுமார் 400 மடங்கு பிசுபிசுப்பானது என்று அதே வருடம் இன்னொரு குழு கண்டது. இத்தனை நேர்த்தியான உறுப்பு, சுண்ணாம்புச் சத்தும் தண்ணீரும் குறைந்த சில வாரங்களில் பாதித் தூரம்கூடப் போகாமல் தொங்கிவிடும். எதிரே வண்டு நடந்துகொண்டிருக்க, குறி பார்த்து, நாக்கை விட்டு, எட்டாமல் மீண்டும் மீண்டும் முயன்று, கடைசியில் முயற்சியையே விட்டுவிடும். ‘சாப்பிட மாட்டேங்குது’ என்று வீட்டில் சொல்வார்கள். கையால் வாயைத் திறந்து ஊட்டுவார்கள். தாடை உடையும்.

காட்டில் பிடித்ததற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் குடலில் ஏற்கெனவே ஒட்டுண்ணிகள் இருக்கும். சுதந்திரமாக இருக்கும் வரை உடல் அதைச் சமாளித்துக்கொள்ளும். அடைத்து வைத்த பதற்றத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்து அவை பெருகும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போட்டால் கரப்பானுக்கு அடித்த மருந்தும் சேர்ந்தே போகும். நோயைக் கடைசி வரை வெளிக்காட்டாமல் இருப்பது இந்த மாதிரிப் பிராணிகளின் இயல்பு. பலவீனம் தெரிந்தால் காட்டில் உடனே பறவைக்கு இரையாகிவிடும். அதனால் ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது’ என்று வளர்த்தவர் சொல்வது பொய் அல்ல. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆடு, மாடு, நாய் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனால் அவரும் பாவம், எவ்வளவுதான் செய்வார்? பச்சோந்தியின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து மருந்தளவு சொல்லும் பயிற்சி பெற்றவர்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

சட்டத்துக்கு வருவோம். நம்மூர்ப் பச்சோந்தி 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பிராணி. வளர்க்கக் கூடாது, விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. ‘நான் கொல்லவில்லையே, பாசமாகத்தானே வைத்திருக்கிறேன்’ என்பது சட்டத்தில் செல்லாது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல என்று சட்டமே விளக்குகிறது: பிடிப்பது, கண்ணி வைப்பது, அதற்கு முயல்வது, ஊர்வனவற்றின் முட்டையைக் கலைப்பது எல்லாமே வேட்டை. 2022ஆம் வருடத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பொதுவான குற்றத்துக்கு 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் சிறை குறைந்தது 3 வருடம், 7 வருடம் வரை போகலாம்.

வெளிநாட்டுப் பச்சோந்தி என்றால் தப்பு இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. முக்காட்டுப் பச்சோந்தி, சிறுத்தைப் பச்சோந்தி, மூன்று கொம்புப் பச்சோந்தி மூன்றும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாதவை. மடகாஸ்கரிலிருந்து பச்சோந்திகள் அள்ளிக்கொண்டு போகப்பட்டதால் 1990களின் நடுவில் நான்கே இனங்களைத் தவிர மற்றவற்றின் வியாபாரத்தை நிறுத்த வேண்டி வந்தது. இந்தியாவில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய விதிகள் வந்தன. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள பிராணியை வைத்திருப்பவர், ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வந்தால் 30 நாளுக்குள். குஞ்சு பொரித்தால், கைமாறினால், செத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். பில் இல்லை, பதிவு இல்லை, ‘நண்பர் ஒருவர் கொடுத்தார்’ என்று வருகிற பச்சோந்தி எந்த வழியில் வந்தது என்று யோசிப்பது வாங்குகிறவரின் பொறுப்பு.

அந்த வழி எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2023 ஜூலை கடைசியில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் டிராலி பையைத் திறந்தார்கள். துளையிட்ட டப்பாக்களில் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவு. தண்ணீரைத் துளியாக மட்டுமே குடிக்கத் தெரிந்த பிராணியை அப்படி ஒரு டப்பாவில், துணிக்குள் சுற்றி, ஒரு நாள் முழுக்க வைத்தால் அது எந்த நிலையில் வந்து சேரும் என்பதற்கு மேலே சொன்னதே போதும். உயிரோடு வந்து சேர்ந்ததற்குத்தான் கடையில் விலை.

வளர்க்க முடியவில்லை என்று வெளியே விட்டுவிடுவதும் தீர்வு அல்ல. 1972இல் ஹவாய்த் தீவுகளில் ஒரு செல்லப்பிராணி வியாபாரிக்குக் கென்யாவிலிருந்து மூன்று கொம்புப் பச்சோந்திகள் வந்தன. பயணத்தில் நலிந்து போயிருந்தவற்றைத் தேற்றலாம் என்று தன் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை தப்பிப் பெருகி, இன்று அத்தீவுகளின் சொந்தப் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று வாழ்கின்றன. முக்காட்டுப் பச்சோந்தி புளோரிடாவிலும் இப்படித்தான் நிலைத்தது. அது வறட்சியைத் தாங்கும் இனம். நம் புதர்க்காடு அதற்கு ஒத்துவராது என்று யாரும் உறுதியளிக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தியப் பச்சோந்தி அழிவின் விளிம்பில் நிற்கிற இனம் அல்ல. சர்வதேசச் சிவப்புப் பட்டியல் அதைக் குறைந்த கவலைக்குரியது என்றே வைத்திருக்கிறது. ஆகவே இனம் அழிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. நான் கேட்பது, வீட்டுக்கு வந்த அந்த ஒரு பிராணியின் பாடு என்ன என்பது. இனத்துக்கு உண்மையான இழப்பு மரம் போவதில் இருக்கிறது. கண்மாய்க்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று வேம்பும் மஞ்சணத்தியும் ஆவாரையும் சேர்த்து இயந்திரத்தால் வழித்துப் போடும் இடங்களில், பச்சோந்தி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தரையில் இறங்குகிறது. தார்ச்சாலையைக் கடக்கும்போது அதன் நடை அதற்கு எதிரியாகிறது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் நிலத்தை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த வட்டாரத்துக்கு வந்த டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்த்து நின்று 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார்கள். பச்சோந்தி மேல் அக்கறை உள்ளவர்களுக்கு வேலை இருக்கும் இடம் அது.

கடைசியாக, வழியில் காண்பவர்களுக்கும் கையில் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும். சாலையில் நடந்துகொண்டிருப்பதைக் கண்டால் கையால் பிடித்து இழுக்க வேண்டாம். ஒரு நீளக் குச்சியை முன்னால் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து மரத்தில் குச்சியைச் சாய்த்தால் போதும். சீறும், உடலை உப்பி, வாயைத் திறந்து கறுப்பாகும். கடிக்கவும் செய்யலாம், விஷம் கிடையாது. கிளையைப் பிடித்திருக்கும்போது வாலைப் பற்றி இழுத்தால் வாலும் விரலும் முறியும். பல்லி வாலைப் போல மறுபடி முளைக்காது. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பதிவு செய்யாத வெளிநாட்டுப் பச்சோந்தி இருந்தால் மறைத்து வைக்காமல் மாவட்ட வன அலுவலகத்தில் பேசுங்கள். பையன் ஒருவன் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்துவிட்டான் என்றால் திட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. எந்த மரத்தில் எடுத்தான் என்று கேட்டு, அழகர்கோயில் காட்டுக்கோ நாகமலைக்கோ கொண்டுபோகாமல், அதே மரத்துக்கு, இருட்டுவதற்குள், நிழல் உள்ள கிளையில் ஏற்றிவிட்டு வந்துவிடுங்கள்.